ராப்பிட்ஷேர், மெகாஅப்லோடு காலத்து ஆட்கள் சுங்கை சிப்புட்டில் யாராவது இருக்கிறீர்களா?

சிப்புட்தம்பி

வணக்கம். அண்ணன் கோலாலம்பூரில் வேலை பார்க்கிறார். அவருடைய பழைய கணினியை விற்கப் போகிறாராம், உள்ளே இருப்பதைத் துடைத்துத் தரச் சொன்னார். திறந்து பார்த்தால் படமும் இல்லை, பாட்டும் இல்லை. நோட்பேடு கோப்புகள்தான் குவிந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் ராப்பிட்ஷேர், மெகாஅப்லோடு, ஃபைல்சர்வ் என்று ஏழெட்டு முகவரிகள், பார்ட்1, பார்ட்2 என்று வரிசையாக. கடைசி வரியில் ஒரு பாஸ்வேர்டு. எதை அழுத்தினாலும் ஒன்றும் திறப்பதில்லை.

நான் 2003-இல் பிறந்தவன், எனக்கு விவரம் தெரிந்தபோது எல்லாம் யூடியூப்தான். இவை எப்படி வேலை செய்தன? ஏன் மொத்தமாகச் செத்துப்போயின? அண்ணனைக் கேட்டால் "அதெல்லாம் ஒரு காலம்டா" என்று சிரிக்கிறார், மேலே பேச மாட்டேன் என்கிறார்.

பழைய சிசிக்காரன்

அவர் சொல்லாவிட்டால் போகட்டும், நான் சொல்கிறேன் தம்பி. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மாடியில் சிசி, அதாவது சைபர் கஃபே, வைத்திருந்தவன். உங்கள் அண்ணனும் நம் கடைக்கு வந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

இவை எல்லாம் ஒருவர் கோப்பை ஏற்றி வைக்க, லிங்க் கிடைத்தவர்கள் இறக்கிக்கொள்கிற தளங்கள். முதலில் அந்த 'பார்ட்' சமாச்சாரம். அப்போது ஒரு படம் 700 எம்பியில் வரும். ஒரு சிடியில் அடங்க வேண்டும், அதற்காகத்தான் அந்த அளவு. ராப்பிட்ஷேரில் ரொம்ப நாள் வரை ஒரு கோப்பு 100 எம்பியைத் தாண்டக்கூடாது. ஏற்றுகிற ஆள் வின்ரார் என்ற மென்பொருளில் போட்டுத் துண்டு துண்டாக வெட்டி, பாஸ்வேர்டு வைத்து, எட்டு லிங்க்காகக் கொடுப்பார். எட்டும் கைக்கு வந்தால்தான் படம். ஏழு இறங்கி எட்டாவது 'கோப்பு நீக்கப்பட்டது' என்று காட்டினால், அந்த ஏழையும் அழித்துவிட்டு வேறொரு ஆள் ஏற்றியதைத் தேட வேண்டியதுதான். இவர் வெட்டிய துண்டோடு அவர் வெட்டிய துண்டு ஒட்டாது.

காசு கட்டாதவர்களுக்கு ஒரு நேரத்தில் ஒரு கோப்புதான். லிங்க்கை அழுத்தினால் வினாடிக் கணக்கு இறங்கும். அது முடிந்ததும் கோணல்மாணலாக நாலு எழுத்து வரும், பார்த்துத் தட்ட வேண்டும். 2008-இல் ராப்பிட்ஷேர்காரன் எழுத்துகளுக்குப் பக்கத்தில் பூனை, நாய்ப் படங்களைக் குட்டியாக ஒட்டி, பூனை இருக்கிற எழுத்தை மட்டும் அடி என்றான். எது பூனை, எது நாய் என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் திரைக்குள் முகத்தை விட்டுக்கொண்டு இருப்பார்கள்.

இதில் சிசிக்கு என்றே தனித் தலைவலி ஒன்று இருந்தது. அந்தத் தளம் ஆளைப் பார்க்காது, ஐபி முகவரியைத்தான் பார்க்கும். கடையில் எத்தனை கணினி இருந்தால் என்ன, வெளியே தெரிகிற முகவரி ஒன்றுதான். ஒருவர் இறக்க ஆரம்பித்துவிட்டால் மற்ற எல்லாருக்கும் 'உங்கள் முகவரியிலிருந்து ஏற்கெனவே ஒரு கோப்பு இறங்குகிறது' என்று வந்து நிற்கும். முதல் வாரமே கைகலப்பு வரப் பார்த்தது. அப்புறம் கல்லாவில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து முறை எழுத ஆரம்பித்தேன். காலை வேலையை முடித்துக்கொண்டு மத்தியானம் தோட்டத்திலிருந்து மோட்டாரில் வருகிறவர்களுக்கு முன்னுரிமை. டவுன் பையன்கள் ராத்திரி வரலாம்.

மோடத்தை அணைத்துப் போட்டால் புதிய ஐபி கிடைக்கும், அடுத்த கோப்புக்குக் காத்திருக்க வேண்டாம். ஆனால் அணைத்த மாத்திரத்தில் மூலையில் கரேனாவில் டோட்டா என்ற இணைய விளையாட்டு ஆடுகிற பையன்களின் ஆட்டம் அறுந்துவிடும். ஒரு பக்கம் "அண்ணே, ஒரே ஒரு தடவை ஆஃப் பண்ணுங்க", இன்னொரு பக்கம் "அண்ணே, மோடத்துல கைய வெச்சா பாருங்க!" கடைசியில் 'மோடம் மணிக்கு ஒரு முறை மட்டும், சொல்லிவிட்டு அணைக்கப்படும்' என்று சுவரில் எழுதி ஒட்டினேன். ஜேடவுன்லோடர் என்ற மென்பொருள் வந்த பிறகு அது தானாகவே மோடத்தை அணைத்துப் போட்டுக்கொண்டு ராத்திரி முழுக்க இறக்கும். காலையில் சிடியில் எழுதித் தருவேன், 2 வெள்ளி (ரிங்கிட்). தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்குத் தொலைபேசிக் கம்பியே போகாத காலம், அவர்களுக்கு இணையம் என்றால் என் கடைதான்.

இடைவேளை

மெகாவீடியோவை மறந்துவிட்டீர்களே! இறக்க வேண்டாம், அப்படியே பார்க்கலாம். ஆனால் 72 நிமிடம் ஓடியதும் நிறுத்திவிட்டுக் காசு கேட்கும். ஆங்கிலப் படக்காரனுக்குக் கடைசி அரை மணி போகும். நமக்கு இடைவேளைக்குச் சற்று முன்னால் நிற்கும். வில்லன் யார் என்றே தெரியாமல் வீட்டுக்குப் போன நாட்கள் உண்டு.

விசிடி மாமா

சிசிக்காரரே, முறை போட்டு இறக்கிக் கொடுத்தீர்கள், சரி. அதனால் பசார் மாலாமில், அந்த இரவுச் சந்தையில், யார் மேசை காலியானது என்று ஒரு வார்த்தை சொன்னீர்களா? என் மேசைதான்.

ஒரு படம் 5 வெள்ளி என்று விற்றேன். அசல் இல்லை, அதை ஒளிக்க என்ன இருக்கிறது, ஊருக்கே தெரியும். ஆனால் எங்களுக்கு இருந்த பயம் உங்களுக்கு இருந்ததா? 2007-இல் அமெரிக்கப் படக் கம்பெனிகளின் சங்கத்து உதவியோடு இரண்டு லாப்ரடார் நாய்களைக் கொண்டுவந்தார்கள். லக்கி, ஃபுளோ என்று பெயர். வட்டு செய்கிற பாலிகார்பனேட் வாசனையைப் பிடிக்கப் பழக்கியவை. ஜொகூர் பாருவில் நடந்த முதல் பெரிய சோதனையிலேயே ஏறக்குறைய பத்து லட்சம் வட்டுகள் மாட்டின. கும்பல்காரர்கள் அந்த நாய்களின் தலைக்கு விலை வைத்தார்கள் என்று பத்திரிகையில் வந்தது. நாங்கள் சின்ன வியாபாரிகள் வேன் கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, எப்போது ஓடலாம் என்று நின்றோம். நீங்கள் மாடியில் மின்விசிறிக்குக் கீழே நிம்மதியாக இருந்தீர்கள். லிங்க்குக்கு வாசனை இல்லையே!

சிப்புட்தம்பி

மாமா 😂 நாய் கதை உண்மையா என்று தேடிப் பார்த்தேன், படத்தோடு இருக்கிறது.

அப்படியானால் மலேசியாவில் தளங்களை யாரும் தடுக்கவே இல்லையா?

பழைய சிசிக்காரன்

தடுத்தார்கள். 2011 ஜூன். தொடர்பு பல்லூடக ஆணையம் இணைய இணைப்புத் தருகிற நிறுவனங்களுக்குக் கடிதம் அனுப்பிப் பத்துத் தளங்களை மூடச் சொன்னது. மெகாஅப்லோடு, மெகாவீடியோ, ஃபைல்சர்வ், டெபாசிட்ஃபைல்ஸ், பைரேட்பே எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. அதற்குக் கோபப்பட்டு அனானிமஸ் என்ற ஹேக்கர் கூட்டம் ஐம்பதுக்கு மேற்பட்ட அரசாங்க இணையதளங்களைத் தாக்கியது, நாட்டுக்கே செய்தியானது. நம் கடையில் என்ன நடந்தது தெரியுமா? தளப் பெயருக்கு முகவரி காட்டுகிற டிஎன்எஸ் சர்வரின் எண்ணை மாற்றி 8.8.8.8 என்று கூகுளுடையதைப் போட்டதும் எல்லாம் பழையபடி திறந்தது. ஒன்பதாம் வகுப்புகூட முடிக்காத பையன்தான் எனக்கு அதைக் காட்டிக் கொடுத்தான்.

சர்வர் ரூம்

நானும் இந்த ஊர்தான், இப்போது சைபர்ஜெயாவில் சர்வர் பார்க்கிறேன். தம்பியின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 'போலீஸ் பிடித்தது, மூடியது' என்று பலர் முடித்துவிடுவார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால்தான் கதை விளங்கும்.

ராப்பிட்ஷேரைக் கிறிஸ்டியன் ஷ்மிட் என்பவர் 2002-இல் தொடங்கினார். பிறகு சுவிட்சர்லாந்தில் சாம் என்ற சிற்றூரிலிருந்து நடந்தது. அதன் வருமானம் பிரீமியம் கணக்கு, அதாவது காசு கட்டினால் காத்திருக்காமல் இறக்கலாம். யார் காசு கட்டுவார்கள்? வினாடி எண்ணி, பூனை தேடி, அலுத்துப்போனவர்கள். ஆகவே சிசிக்காரர் அண்ணே பட்ட பாடு தற்செயல் இல்லை, அந்தக் காத்திருப்பைத்தான் விற்றார்கள். ஆனால் காத்திருக்கும் அளவுக்கு ஆசைப்படுகிற சரக்கு உள்ளே இருக்க வேண்டுமே. அதை ஏற்றுவதற்கு ஆள் வேண்டும். எனவே ஏற்றுகிறவர்களுக்குப் புள்ளி, பரிசு, பிறகு நேரடியாகப் பணம். ராப்பிட்ஷேர் 2010-இல் அந்தத் திட்டத்தை நிறுத்தியதும் ஏற்றுகிற கூட்டம் ஃபைல்சர்வ், ஃபைல்சோனிக், ஹாட்ஃபைல் என்று பணம் தருகிற இடங்களுக்குப் போய்விட்டது. ஆயிரம் முறை இறக்கினால் இத்தனை டாலர் என்று கணக்கு. அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனியிலிருந்து இறக்கினால் கூடுதல் விலை. நம் பக்கத்து ஆட்கள் இறக்கினால் சொற்பம். சிப்புட்காரன் கண்ணைக் கசக்கியதற்கு மதிப்பு அவ்வளவுதான்.

மெகாஅப்லோடு 2005-இல் ஹாங்காங்கில் பதிவானது. ஜெர்மனியில் பிறந்த கிம் டாட்காம்தான் முதலாளி. ஒரு நாளைக்கு 5 கோடிப் பேர் வந்தார்கள், உலக இணையப் போக்குவரத்தில் 4 விழுக்காடு அதனுடையது, 17.5 கோடி டாலருக்கு மேல் சம்பாதித்தது, பதிப்புரிமை வைத்திருந்தவர்களுக்கு 50 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்று அமெரிக்கக் குற்றப்பத்திரிகை கணக்குக் காட்டியது. வழக்குப் போட்டவர்கள் சொன்ன கணக்கு, அதை அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

2012 ஜனவரி 18-ஆம் தேதி, அமெரிக்காவில் கொண்டுவரவிருந்த புதிய பைரசி தடுப்புச் சட்டத்தை எதிர்த்து ஆங்கில விக்கிப்பீடியா ஒரு நாள் இருட்டானது. மறுநாளே மெகாஅப்லோடு முடக்கப்பட்டது. நியூசிலாந்தில், ஆக்லாந்துக்குப் பக்கத்தில் இருந்த டாட்காமின் மாளிகைக்குள் போலீஸ் நுழைந்தபோது நம் நேரப்படி வெள்ளிக்கிழமை விடியவே இல்லை. பொங்கல் முடிந்து சீனப் பெருநாளுக்கு முந்திய வாரம். மற்றத் தளங்களுக்கு நடுக்கம் கண்டது. 22-ஆம் தேதி ஃபைல்சோனிக் 'நீங்கள் ஏற்றியதை நீங்கள் மட்டுமே இறக்கலாம்' என்று அறிவித்தது. ஃபைல்சர்வும் அதையே செய்தது. அப்லோடட் என்ற தளம் அமெரிக்க ஆட்களை உள்ளே விடுவதை நிறுத்தியது. உங்கள் அண்ணனின் நோட்பேடில் பாதி அந்த நாலைந்து நாளில் செத்திருக்கும்.

பழைய சிசிக்காரன்

ஆமாம் ஆமாம். சீனப் பெருநாள் விடுமுறைக்குப் படம் கேட்டுப் பத்துப் பேர் முன்பணம் கொடுத்திருந்தார்கள். எல்லாருக்கும் திருப்பிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு எல்லாரும் ராப்பிட்ஷேருக்குப் படையெடுக்க, அவன் பயந்துபோய்க் காசு கட்டாதவர்களுக்கு வினாடிக்கு 30 கேபி என்று வேகத்தைக் குறைத்தான். உலகமே அழுதது. நம் ஊரில் பாதிப் பேருக்கு அது தெரியவே தெரியாது. 384 கேபிபிஎஸ் இணைப்பில் உச்ச வேகமே 48 கேபி, அதையும் நாலு பேர் பங்கு போட்டால் எங்கே 30 வரும்?

உறுமிக்காரன்

எல்லார் கதையும் சிரிக்கிற மாதிரி இருக்கிறது. சரி, காசு போட்டுப் பாட்டு எடுத்தவன் கதையையும் கேளுங்கள்.

எங்கள் குழு உறுமி மேளக் குழு. கல்யாணம், திருவிழா, காவடி என்று அடித்துச் சேர்த்த பணத்தில் ஈப்போவில் ஒரு ஸ்டூடியோவில் ஆல்பம் எடுத்தோம். நடிகர் படம் இல்லை, தமிழ்நாட்டுப் பாட்டு இல்லை, எங்கள் மெட்டு, எங்கள் வரி. கல்லுமலைத் தைப்பூசத்தில் மேசை போட்டு விற்றோம். அடுத்த வாரம் ஒரு தளத்தில் மொத்த ஆல்பமும் ஏறிவிட்டது. ஏற்றியவன் நம் ஆள்தான், பெயர் கண்டுபிடித்துக் கேட்டபோது "அண்ணே, உங்களுக்கு விளம்பரம்தானே" என்றான். அவனுக்கு ஒவ்வொரு இறக்கத்துக்கும் பணம் வந்திருக்கிறது என்பது இன்றைக்கு சர்வர் ரூம் எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்கு உறைக்கிறது. எனக்கு வந்தது என்ன? திருவிழாவில் மேசைக்கு வந்து "இது என்கிட்ட இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள்.

தளத்துக்கு ஆங்கிலத்தில் எழுதிப் புகார் கொடுத்தேன். எடுத்துவிட்டோம் என்று பதில் வந்தது. எடுத்திருந்தார்கள். மறுநாள் அதே தளத்தில் வேறு லிங்க்கில் அதே பாட்டு. எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

சர்வர் ரூம்

அண்ணே, அது எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். மெகாஅப்லோடு வழக்கின் உயிர்நாடியே அதுதான்.

ஒரே கோப்பை நூறு பேர் ஏற்றினாலும் சர்வரில் ஒரு பிரதிதான் இருக்கும். ஒவ்வொரு கோப்புக்கும் எம்டி5 என்று ஒரு கணக்குப் போட்டுக் கைரேகை எடுப்பார்கள். ஏற்கெனவே இருக்கிற கைரேகையோடு ஒத்துப்போனால் புதிதாகச் சேமிக்க மாட்டார்கள், இன்னொரு லிங்க் மட்டும் கொடுத்துவிடுவார்கள். இடம் மிச்சம், நல்ல பொறியியல்தான், இன்றைக்கும் எல்லாரும் செய்கிறோம். ஆனால் புகார் வந்தால் என்ன செய்தார்கள்? புகாரில் எழுதிய லிங்க்கை மட்டும் அறுத்தார்கள். கோப்பு அப்படியே இருந்தது, மற்றத் தொண்ணூற்றொன்பது லிங்க்கும் அதைக் காட்டிக்கொண்டிருந்தன.

1998-இல் வந்த அமெரிக்கச் சட்டம், பயனர் ஏற்றியதற்குத் தளம் பொறுப்பில்லை, புகார் வந்ததும் எடுத்துவிட்டால் போதும் என்கிறது. கோப்பு திருட்டு என்று தெரிந்தும் வைத்திருந்தாய், ஏற்றியவனுக்கு 2011 ஜூலை வரை பணமும் கொடுத்தாய், ஆகவே அந்தப் பாதுகாப்பு உனக்கு இல்லை என்பது அரசுத் தரப்பு வாதம். ஹாட்ஃபைல் மேல் படக் கம்பெனிகள் 2011-இல் போட்ட வழக்கு 2013 டிசம்பரில் 8 கோடி டாலர் தீர்ப்போடு முடிந்தது. தளம் இழுத்து மூடப்பட்டது.

என் கருத்தைக் கேட்டால், இந்தக் கடைகளைக் கொன்றது அந்தப் பரிசுத் திட்டம்தான். பணம் கொடுக்காமல் இருந்திருந்தால் இத்தனை வளர்ந்திருக்க மாட்டார்கள், இத்தனை வேகமாக மாட்டியிருக்கவும் மாட்டார்கள். மீடியாஃபயர் 2006-இல் தொடங்கியது, இன்றைக்கும் இருக்கிறது பாருங்கள்.

தோட்டப்பள்ளி டீச்சர்

படித்துக்கொண்டே வருகிறேன், எல்லாரும் படம், பாட்டு என்றே பேசுகிறீர்கள். அதில் வேறு சாமான்களும் இருந்தன.

நான் படிப்பித்த தோட்டப்பள்ளி கலைநிகழ்ச்சியை 2010-இல் வீடியோ எடுத்தோம். அதற்குள் தோட்டத்தில் பாதிக் குடும்பம் கிளம்பிவிட்டது. சிலர் டவுன் தாமானுக்கு (குடியிருப்புக்கு), சிலர் ஜொகூருக்கு, சிலர் தினம் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்கு. பிள்ளையின் நாடகத்தைப் பார்க்க முடியாத அப்பாக்கள் கேட்டார்கள். எங்கள் ஆசிரியர் ஒருவர் மூன்று துண்டாக்கி ஒரு தளத்தில் ஏற்றி லிங்க்கைக் குறுஞ்செய்தியில் அனுப்பினார். யாருடைய உரிமையையும் நாங்கள் திருடவில்லை. ஓராண்டு கழித்து ஒரு தாய் கேட்டபோது திறந்து பார்க்கிறேன், ஒன்றும் இல்லை. வீட்டில் இருந்த டேப் பூஞ்சை பிடித்துப்போய்விட்டது. எங்கள் நாடகத்துக்கும் அந்த டாட்காமுக்கும் என்ன சம்பந்தம் என்று இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது.

சர்வர் ரூம்

டீச்சர், மெகாஅப்லோடு முடக்கப்பட்டபோது இதே கேள்வி அமெரிக்க நீதிமன்றத்துக்கே போனது. ஓஹையோ மாநிலத்தில் பள்ளி விளையாட்டுப் போட்டிகளைப் படமெடுத்துப் பிழைத்த ஒருவர், அவருடைய சொந்த வீடியோக்களைத் திருப்பித் தரச் சொல்லி மனுப் போட்டார். வர்ஜீனியாவில் கார்ப்பேத்தியா என்ற நிறுவனத்திடம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சர்வர்கள், 25 பெட்டாபைட் தரவு, பூட்டிய அறையில் கிடந்தன. வாடகை யார் கொடுப்பது என்று சண்டை. நெதர்லாந்தில் லீஸ்வெப் என்ற நிறுவனம் காத்துப் பார்த்துவிட்டு 2013-இல் 630 சர்வர்களைத் துடைத்துவிட்டது. அவற்றில் திருட்டுப் படமும் போனது, இன்னொருவர் வீட்டுக் கல்யாணமும் போனது.

ஆனால் நீங்கள் சொல்கிற தேதியைப் பார்த்தால் உங்கள் வீடியோவைப் போலீஸ் எடுக்கவில்லை. ஏற்றி ஓராண்டுக்குள் போயிருக்கிறது என்றால் தளமே அழித்திருக்கும். இலவசக் கோப்பை இத்தனை நாள் யாரும் இறக்காவிட்டால் நீக்கிவிடுவோம் என்று பல தளங்கள் விதி வைத்திருந்தன. ஸிப்பிஷேர் என்ற தளத்தில் 30 நாள். தினம் ஆயிரம் பேர் இறக்கிய புதுப்படம் சாகாது. முப்பது அப்பாக்கள் ஒரு தடவை பார்த்துவிட்டு மூடிய நாடகம் செத்துவிடும். நாம் அதைக் கிடங்கு என்று நினைத்தோம். அது பசார் மாலாம் மேசை, விற்காத சாமானை ராத்திரியே தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

விசிடி மாமா

என் மேசையில் விற்காததை வீட்டுக்குக் கொண்டுபோவேன் ஐயா. தூக்கிப் போட மாட்டேன்.

பழைய சிசிக்காரன்

மாமா சொல்வதில் விஷயம் இருக்கிறது. கடையை மூடியபோது நான் எழுதிய சிடிகளில் வாங்காமல் விட்டுப் போனவை மூன்று ஸ்பிண்டில் அப்படியே வீட்டில் இருக்கின்றன. மேலே மார்க்கர் பேனாவில் பெயர் எழுதியிருப்பேன். போன மாதம் புரட்டினேன், உறுமி மேளம் என்று எழுதியது சிலது கண்ணில் பட்டது. உறுமிக்காரர் தம்பி, உங்களுடையது பச்சை அட்டையா?

உறுமிக்காரன்

பச்சை அட்டைதான். காளி படம் போட்டிருக்கும்.

சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். எங்களிடமே முழு ஆல்பம் இல்லை. ஸ்டூடியோ மூடி, அவருடைய ஹார்டு டிஸ்க் எங்கே போனது என்று தெரியவில்லை. எனக்கு மிச்சம் இருந்த ஒரு சிடியில் ஏழாவது பாட்டு ஓடாது. அதற்காகத் திருட்டாக இறக்கியவர்களுக்கு நான் நன்றி சொல்ல வேண்டுமா? சொல்ல மாட்டேன். சிடியைக் கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன். லிங்க் போடாதீர்கள்.

இடைவேளை

சிடியைப் படிக்கும்போது வேகத்தைக் குறைத்து வைத்துப் படியுங்கள் அண்ணே. எழுதிய சிடியில் சாயம் வெளுக்கும். ஐசோபஸ்டர் மாதிரி மென்பொருள் இருக்கிறது, கெட்ட இடத்தை விட்டுவிட்டு மற்றதை எடுக்கும். வெயில் படுகிற இடத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

தோட்டப்பள்ளி டீச்சர்

சிசிக்காரரே, அந்த ஸ்பிண்டிலில் பள்ளி நாடகம் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். சில பெற்றோர் உங்கள் கடையில்தான் எழுதி வாங்கினார்கள்.

பழைய சிசிக்காரன்

பார்த்துவிட்டேன் டீச்சர், இல்லை. வாங்கியவர்கள் கையோடு கொண்டுபோய்விட்டார்கள். ஜொகூர்ப் பக்கம் போனவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

சிப்புட்தம்பி

இவ்வளவு நடந்திருக்கிறதா! அப்புறம் மிச்சத் தளங்கள் என்னாயின? டாட்காம் ஜெயிலுக்குப் போனாரா?

சர்வர் ரூம்

ராப்பிட்ஷேர் நல்ல பிள்ளையாக மாறப் பார்த்தது. கண்டிப்பான விதி, வேகக் குறைப்பு, வெறும் கிளவுடு சேமிப்பு என்று. திருட வந்தவன் போய்விட்டான், நேர்மையாகச் சேமிக்கிறவன் கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் என்று போய்விட்டான். 2013-இல் ஊழியர்களில் பெரும்பகுதியை நிறுத்தியது, 2015 மார்ச் 31 அன்று மூடியது.

டாட்காம் 2013 ஜனவரியில், சோதனை நடந்து சரியாக ஓராண்டில், மெகா என்ற புதிய தளத்தைத் தொடங்கிவிட்டு, பிறகு அதைவிட்டு விலகினார். அவரோடு சேர்ந்து குற்றம் சாட்டப்பட்டவர்களில் இருவர் நியூசிலாந்திலேயே ஒப்புக்கொண்டு 2023-இல் இரண்டரை ஆண்டுக்கு ஒட்டிய தண்டனை பெற்றார்கள். அவரை அமெரிக்காவுக்கு அனுப்பலாம் என்று நியூசிலாந்து நீதி அமைச்சர் 2024 ஆகஸ்டில் கையெழுத்துப் போட்டார்.

ஸிப்பிஷேரின் முடிவுதான் எனக்கு வேடிக்கை. 2006 முதல் நடந்தது. காத்திருப்பு இல்லை, பிரீமியம் இல்லை, விளம்பரம் மட்டுமே வருமானம். போலீஸும் வரவில்லை, நீதிமன்றமும் வரவில்லை. எல்லாரும் விளம்பரத் தடுப்பான் போட்டார்கள், மின்கட்டணம் ஓராண்டில் இரண்டரை மடங்கானது, 2023 மார்ச்சோடு மூடுகிறோம் என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

விசிடி மாமா

இப்போது பசார் மாலாமில் என் பழைய இடத்தில் ஆண்ட்ராய்டு பாக்ஸ் விற்கிறான் ஒருவன். 'எல்லாச் சேனலும் ஃப்ரீ அங்கிள்' என்கிறான். 2022-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, அந்த மாதிரிப் பாக்ஸ் விற்றால் 10,000 வெள்ளி முதல் 2 லட்சம் வெள்ளி வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை என்று போட்டிருக்கிறார்கள், தெரியுமா என்றேன். "நாய் வருமா அங்கிள்?" என்று கேட்டான். அவனுக்கு யார் சொன்னார்களோ.

தோட்டப்பள்ளி டீச்சர்

நான் இப்போது எல்லாவற்றையும் டிரைவில் போட்டு வைக்கிறேன். அதுவாவது பத்திரமா?

சர்வர் ரூம்

அதிலேயும் ஒரு கண் வையுங்கள் டீச்சர். இரண்டு ஆண்டு உள்ளே நுழையாத தனிநபர் கணக்கை நீக்குவோம் என்று கூகுள் 2023-இல் விதி கொண்டுவந்தது. பள்ளிக்கென்று சாதாரணத் தனிநபர் கணக்குத் திறந்து, பாஸ்வேர்டு தெரிந்த ஆசிரியர் மாற்றலாகிப் போனால் கதை முடிந்தது. இரண்டு ஹார்டு டிஸ்க்கில் எடுத்து, ஒன்று பள்ளியில், ஒன்று பெற்றோர் சங்கத்தில் யாராவது ஒருவர் வீட்டில். வருடத்துக்கு ஒரு முறை செருகிப் பாருங்கள்.

இடைவேளை

உறுமிக்காரர் அண்ணே, அந்த ஆல்பத்தை ஸ்பாட்டிஃபையில் போட்டால் என்ன? லிங்க் கேட்கிற தொல்லையே இருக்காது. நான் முதல் ஆளாகக் கேட்பேன்.

உறுமிக்காரன்

புதுப் பாட்டுகளைப் போட்டிருக்கிறேன் தம்பி. வருகிற காசு ஒரு உறுமிக்குத் தோல் மாற்றக்கூடக் காணாது, ஆனாலும் என் பெயர் போட்டு வருகிறது, அது போதும்.

பழைய ஆல்பம் அப்படி இல்லை. போடுகிறவன், எல்லா உரிமையும் என்னிடம் இருக்கிறது என்று டிக் அடிக்க வேண்டும். வரி எழுதியவர், பாடிய இரண்டு பேர், கீபோர்டு வாசித்தவர், ஸ்டூடியோக்காரர், நான் என்று ஆறு பேர் சேர்ந்து செய்தது. அன்றைக்குக் காகிதம் எதுவும் எழுதவில்லை. அவர்களிடம் கேட்காமல் நான் ஏற்றினால், அன்றைக்கு "விளம்பரம்தானே" என்றவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? நாலு பேரைப் பிடித்துவிட்டேன். கீபோர்டு வாசித்தவர் கோலக்கங்சார் பக்கம் ஏதோ பட்டறையில் இருந்தார், எண் மாறிவிட்டது. பெண் குரல் பாடியவர் கல்யாணமாகிக் கிள்ளான் போனதாகக் கேள்வி. பெயரை இங்கே போடவில்லை. அந்தப் பச்சை அட்டையில் பாடியவரைத் தெரிந்தவர்கள் தனிமடலில் எழுதுங்கள். சிசிக்காரர் அண்ணே, ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வரட்டுமா?

பழைய சிசிக்காரன்

வாங்க. பத்து மணிக்கு மேல்.